மாடிப்படிக்குக் கீழே ஒரு பிரஷ் கட்டர்

எங்கள் காரின் முன்கண்ணாடியில் போன மாதம் ஒரு கல் வந்து அடித்தது.

'ஹைவேயில் போனா அப்படித்தான் மேடம், லாரி டயர்ல இருந்து தெறிக்கும்' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. ஆனால் கார் ஓடவே இல்லை. விரிஞ்சிபுரம் பக்கத்தில் எங்கள் நிலத்து வேலியோரம் நின்றுகொண்டிருந்தது. நான் முன்சீட்டில் உட்கார்ந்து எட்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். 'டப்'பென்று ஒரு சத்தம். நிமிர்ந்தேன். கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரிசல். அதன் நடுப்புள்ளி சரியாக என் மூக்குக்கு நேரே!

எறிந்தது யார்? என் வீட்டுக்காரர்தான்.

கையால் எறியவில்லை... பிரஷ் கட்டரால்.

பிரஷ் கட்டர் தெரியாதவர்களுக்கு — தோளில் பெல்ட் போட்டு மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் மிஷின். ஒரு பக்கம் இன்ஜின், நடுவில் நீளமான குழாய், மறுமுனையில் சுற்றுகிற பிளேடு. புல், புதர், முள்ளு எல்லாவற்றையும் வெட்டும். கூடவே கல்லையும் பறக்கவிடும். கடைசி வேலையை யாரும் அட்டைப்பெட்டியில் படம் போட்டுக் காட்டுவதில்லை.

என் வீட்டுக்காரர் தேவராஜைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். தோலை அச்சு வைத்து வெட்டுகிற பெரிய பெரிய மிஷின்கள் உள்ள செக்ஷன் அது. சேஃப்டி கமிட்டியிலும் இவர்தான். மிஷினில் கார்டு என்கிற தடுப்பு இல்லையென்றால் ஸ்விட்ச் போட விடமாட்டார். செருப்போடு யாராவது உள்ளே வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். இவர் செக்ஷனில் யாருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. எனக்கும்தான்.

ரிட்டயர் ஆனதும் பாலாற்றங்கரையில் அரை ஏக்கர் வாங்கினோம். இருபது மாங்கன்று வைத்தோம். மழை பெய்தது. மாங்கன்று ஒரு சாண் வளர்ந்தது, பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்தது. கோரை, முள்ளு, ஓரமெல்லாம் வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலம்... இதில் எங்கள் இருபது கன்று எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியதாயிற்று.

"ஆள் வெச்சி வெட்டலாங்க" என்றேன்.

"எதுக்கு? மிஷின் வாங்கிட்டா ஆயுசுக்கும் ஆச்சு" என்றார்.

வேலூரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனுஷர். சரியான கேள்விதான் கேட்டார்.

"இன்னா சார் வெட்டப் போறீங்க?"

"எல்லாத்தையும்."

இந்தப் பதிலுக்கு ஒரு கடைக்காரர் என்ன செய்வார்? எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். நைலான் கயிறு சுற்றிய ஒரு உருளை. மூன்று பல் வைத்த பிளேடு. எண்பது பல் வைத்த வட்ட பிளேடு. கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு ஷீல்டு, காலுக்கு உறை, காதுக்கு மூடி, இரட்டைத் தோள்பட்டை பெல்ட். ஒவ்வொன்றையும் எதற்கு என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது என்னவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மிஷினோடயே பொறந்து வளந்தவன் சார் நான். நீங்க பில்லைப் போடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை நிலத்துக்குப் போனோம். முதல் கேள்வி: எந்த பிளேடு? அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"மூணு பல்லு எங்க, எண்பது பல்லு எங்க? எண்பதுதான் ஜாஸ்தி வெட்டும்."

இந்தக் கணக்கில் தப்பு இருக்கிறதென்று எனக்கே தோன்றியது. ஆனால் நான் தமிழ் டீச்சர். கணக்கில் தலையிடுவதில்லை.

பிளேடுக்கு மேலே அரைவட்டமாக ஒரு பிளாஸ்டிக் கார்டு வரும். வெட்டப்பட்டது நம் பக்கம் தெறிக்காமல் தடுப்பதற்கு. அதை மாட்டிப் பார்த்தார். புல் சிக்கியது. "பேஜாரா இருக்குது" என்று கழற்றி டிக்கியில் போட்டார். முகத்து ஷீல்டு? "மூச்சு முட்டுது." காலுறை? "வெயில்ல எவன் போடுவான்?" கடைசியில் அவர் களத்தில் இறங்கிய கோலத்தைச் சொன்னால் ஆம்பூர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

மடித்துக் கட்டிய லுங்கி. காலில் ஹவாய் செருப்பு.

ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ செய்து அனுப்புகிற ஊர்! அதிலும் இவர் வாழ்நாளெல்லாம் வெட்டிக்கொடுத்தது ஷூவுக்கான தோல்! வீட்டில் மட்டும் மூன்று ஜோடி சேஃப்டி ஷூ இருக்கிறது. இருந்து?

கார் நிழலில் நிற்கட்டும் என்று அவரே அருகில் நிறுத்தச் சொன்னார். பதினைந்து அடி தூரம் இருக்கலாம். எங்கள் நிலம் ஆற்றங்கரை நிலம். புல்லுக்கடியில் என்ன இருக்கும்? கூழாங்கல். கொத்துக்கொத்தாக.

மூன்றாவது நிமிஷம் அந்த 'டப்'.

இன்ஜின் நின்றது. அவர் ஓடி வந்தார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. கதவைத் திறந்தார்.

"எஸ்தர்! உனக்கு ஒண்ணும் ஆகலியே? கண்ணு? கண்ணைக் காட்டு."

"ஒண்ணும் ஆகலிங்க."

"நெஜமா?"

"நெஜமா."

மூன்று தரம் கேட்டார். நான் விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டு கதவைப் பிடித்திருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடி இல்லாதிருந்தால் என்று இருவருமே நினைத்தோம்.

பிறகு சொன்னார்: "எப்படியும் அந்தக் கண்ணாடி பழசுதான்."

ஆண்களுக்கு மன்னிப்புக் கேட்பதற்கென்று தனி பாஷை இருக்கிறது. முப்பது வருஷமாகப் படித்தும் எனக்கு இன்னும் பாஸ் மார்க் வரவில்லை.

இவர் ஓடியதைப் பார்த்துப் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து ஒரு ஆள் வேகமாக வந்தார். முழுக்கை சட்டை, பேன்ட், முட்டி வரை கம்பூட், முகத்தில் ஷீல்டு, தோளில் இதே மாதிரி ஒரு பிரஷ் கட்டர். வேலியோரம் வந்ததும் மிஷினைக் கழற்றித் தரையில் பதமாகப் படுக்க வைத்து, ஷீல்டைத் தூக்கினார்.

பெண்!

"தேவராஜ் சார்! நீங்களா?"

என்னவருக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று.

"செல்வி? ஸ்டிச்சிங் செக்ஷன் செல்வி?"

அவளேதான். கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தவள். பிறகு சில மாதம் இவர் செக்ஷனிலும் இருந்திருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக பிரஷ் கட்டர் வாங்கி, மணிக்கணக்கில் தோப்பு வெட்டிக் கொடுக்கிறாளாம். இங்கிருந்து திமிரி வரைக்கும் அவளுக்கு வாடிக்கை. "முன்னெல்லாம் ஏசி இல்லாத ஷெட்டு மேடம். இப்போ தென்னமர நெழலு" என்று சிரித்தாள்.

பிறகு அவள் கண் கீழே போனது. லுங்கி. ஒற்றைச் செருப்பு. மிஷின். பிளேடு.

"கார்டு எங்க சார்?"

என்னவர் கழன்ற செருப்பைத் தேடப் போனார்.

"டிக்கில இருக்குது" என்றேன் நான். மனைவி எதற்கு இருக்கிறாள்?

செல்வி சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

"சார், துப்பட்டாவ பின் பண்ணலன்னு என்னை அரை நாள் வீட்டுக்கு அனுப்பினீங்க. ஞாபகம் இருக்குதா?"

"அது... மிஷின் பக்கத்துல..."

"அன்னிக்கி உங்கள அவ்ளோ திட்டினேன் சார் மனசுக்குள்ள. அடுத்த மாசம் பக்கத்து யூனிட்ல ஒரு பொண்ணுக்குத் துப்பட்டா மாட்டி கழுத்து அறுபடப் பாத்துச்சு. அதுக்கப்புறம் திட்டுறத வுட்டுட்டேன்."

என்னவர் டிக்கியைத் திறந்து கார்டை எடுத்து வந்தார்.

பிறகு அவள் கடையில் கட்டிக்கொடுத்த எங்கள் மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கடைக்காரர் சொல்ல வந்ததை எங்களுக்கு அவள் சொன்னாள்.

"சார், இந்த எண்பது பல்லு புல்லுக்கே இல்ல. வேலிகாத்தான் மாதிரி கட்டை தட்டிப்போன செடிக்கு. கட்ட விரல் தடிமன் இருக்குதே, அதுக்கு. இத கல்லு மேல உட்டீங்கன்னா கல்லு பறக்கும். பல்லும் பறக்கும். எது எங்க போவும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"பின்ன இந்த இடத்துக்கு எது?"

"கல்லு இருக்கற எடத்துல நைலான் கயிறுதான். கல்லுல பட்டா கயிறுதான் தேயும். வரப்பு ஓரம், சொவுரு ஓரம், மரத்தடி — எல்லாம் கயிறு. அப்பவும் பொடிக்கல்லு தெறிக்கும். அதான் ஷீல்டு. மாங்கன்னுகிட்ட மட்டும் கயிறயும் கிட்ட கொண்டு போவாதீங்க, பட்டைய உரிச்சிரும். அங்க கையால புடுங்கிருங்க."

"மூணு பல்லு?"

"கோரை முத்திப்போயிருக்குது பாருங்க, கல்லு இல்லாத மேட்டுல? அதுக்கு. பிளேடு வாங்கறப்ப நடு ஓட்டை உங்க மிஷினுக்கு சரியா உக்காருதான்னு பாக்கணும். லேசா ஆடினாலும் வாங்காதீங்க. வெரிசல் உட்ட பிளேட தட்டி நிமித்தி மாட்றவங்கள பாத்திருக்கேன். அவங்க தைரியம் எனுக்கு வராது."

சரி, எண்பது பல்லைக் கழற்றிவிட்டு நைலானை மாட்டலாம் என்றார் இவர். மிஷினோடு பிறந்து வளர்ந்தவர் அல்லவா? ஸ்பேனரை எடுத்தார். திருகினார். நட்டு அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் திருகினார். பிளேடுதான் கூடவே சுற்றியது. ஒரு காலால் மிஷினை மிதித்துக்கொண்டு திருகினார். முகம் சிவந்தது. "துரு புடிச்சிருக்கும்" என்றார். வாங்கி ஐந்து நாள் ஆன மிஷின்!

செல்வி வேலிக்கல்லில் உட்கார்ந்து தூக்கைத் திறந்து இட்லி சாப்பிட ஆரம்பித்திருந்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். வேர்க்கடலைச் சட்னி. நன்றாக இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் திருகிக்கொண்டிருந்தார்.

கை கழுவிவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: "சார்... அது உல்டா மரை."

"என்னது?"

"எதிர்ப்பக்கம் சுத்தினாதான் கழலும். நீங்க இவ்ளோ நேரமா டைட் பண்ணினு இருக்கீங்க."

அந்த நட்டைக் கழற்ற அவளுக்கே பத்து நிமிஷம் பிடித்தது. பிளேடு சுற்றாமல் இருக்க மேலே ஒரு சின்ன ஓட்டையில் கம்பி செருக வேண்டுமாம். அந்தக் கம்பியும் மூட்டையிலேயே இருந்தது. அது எதற்கு என்று தெரியாமல் இவர் அதில் சாவி மாட்டலாம் என்று யோசித்து வைத்திருந்தார்.

கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள்: "வீட்ல மிஷின எங்க வெக்கிறீங்க சார்?"

"அதுக்குன்னு தனி இடமே இருக்கும்மா" என்றார், பழைய சூப்பர்வைசர் குரலில்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவர் பட்டது போதும் என்று நினைத்தேன். அந்த இரக்கம்தான் தப்பாகப் போயிற்று.

தனி இடம் எது தெரியுமா?

முதலில் படுக்கையறை பீரோ மேல் வைத்துப் பார்த்தார். குழாய் ஐந்தடி நீளம். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கதவுக்குப் பின்னால் சாய்த்தார். கதவு மூடவில்லை. கடைசியில் மாடிப்படிக்குக் கீழே. எங்கள் வீட்டில் மாடிப்படி உள்ளேயே, சமையலறை வாசலை ஒட்டி. அங்கே ஏற்கெனவே இருந்தவை: ஸ்பேர் கேஸ் சிலிண்டர், கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டி, குடைகள், நான் மொத்தமாக வாங்கி வைக்கிற நன்னாரி சர்பத் பாட்டில்கள். இந்தக் கூட்டத்தில் பெட்ரோல் நிறைந்த டேங்கோடு இதுவும் போய்ச் சேர்ந்தது.

பிளேடுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்திருந்தார்கள். அது முதல் நாளே தொலைந்தது. மேட்டுக் கோரைக்கென்று கடைசியில் மாட்டிய மூன்று பல், உறையில்லாமல் முழங்காலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. என் புடவை ஒன்று போயிற்று. இன்ஜின் சரிந்து கிடந்ததால் மூடி வழியாகப் பெட்ரோல் கசிந்தது. வீடு முழுக்க வாசனை.

"புது மிஷின்னா வாசனை வரத்தான் செய்யும்" என்றார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள் — நாலே நாளில் மூக்கு பழகிவிட்டது. மனுஷ மூக்கைப்போல் நன்றிகெட்ட உறுப்பு வேறில்லை. எச்சரிக்க வேண்டிய நேரத்தில் சமாதானமாகப் போய்விடும்.

இதோடு விட்டாரா? இந்த மிஷினுக்கு வெறும் பெட்ரோல் ஊற்றக் கூடாது. டூ-டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆயில் நல்ல சிவப்பு. கலந்தால் பெட்ரோலும் சிவப்பாகிவிடும். கலந்தது கொஞ்சம் மீந்துவிட்டது. அதை எதில் ஊற்றி வைப்பது? காலி பாட்டில் ஒன்று கையில் கிடைத்தது.

என்ன பாட்டில் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பதினேழு பேர். பாஸ்டர் வாசலிலேயே மூக்கைச் சுளித்தார். "இன்வெர்ட்டர்ல ஏதாவது பிரச்சினையா சிஸ்டர்?" என்றார். "இல்ல பாஸ்டர், புது மிஷின் வாசனை" என்று நான் — ஆமாம், நானேதான் — சொன்னேன்.

ஹாலில் பாட்டு முடிந்து இவர் வசனம் வாசித்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையில் பெரிய பாத்திரத்தில் டீ கொதித்தது. எங்கள் சபையின் கிரேஸ் அக்கா உதவிக்கு உள்ளே போனார். எந்த வீட்டுக் கூட்டத்திலும் சமையலறைப் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொள்கிறவர். அன்றைக்கு அவருக்குப் பலமான ஜலதோஷம்.

"டீ குடிக்காதவங்களுக்கு சர்பத் கலக்கட்டா எஸ்தர்? நன்னாரி எங்க இருக்குது?"

"மாடிப்படிக்குக் கீழ பாருங்கக்கா."

சொன்னது நான்தான்.

இரண்டு நிமிஷம் கழித்து உள்ளே போனேன். அக்கா பெரிய கண்ணாடி ஜக்கில் கரண்டியை விட்டு விடாமல் கலக்கிக்கொண்டிருந்தார். ஐஸ், எலுமிச்சை, சப்ஜா விதை எல்லாம் போட்டாகிவிட்டது.

"எஸ்தர், இது இன்னா நன்னாரி? எவ்ளோ கலக்கினாலும் கரைய மாட்டேங்குது. எண்ணெ மாதிரி மேல மெதக்குது பாரு."

பார்த்தேன். சிவப்பாக, பளபளவென்று, ஒரு விரற்கடை உயரத்துக்கு மிதந்தது. ஜக்குக்கு இரண்டடி தள்ளி அடுப்பு. நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியவில்லை. "அக்கா, கைய எடுங்க. அப்படியே பின்வாசல் வழியா வெளிய போங்க." அடுப்பை அணைத்தேன். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினேன். ஜக்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் மதில் ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்சுக்குக் கை போனது. ஸ்விட்ச் போடும்போது பொறி வரலாம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் நடத்தியது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. விட்டுவிட்டு ஜன்னல்களைத் திறந்தேன். ஹாலுக்குப் போய் மேசைமேல் இருந்த மெழுகுவத்தியை ஊதினேன்.

"எல்லாரும் வெளிய வாங்க. இப்பவே."

எங்கள் சபையாரைப் பாராட்ட வேண்டும். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பாஸ்டர் பைபிளை மூடாமலே எழுந்தார். மீதி ஜெபம் தெருவில் நடந்தது. எதிர்வீட்டு பாய் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தவர், விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு அவரும் கூடவே நின்றார். நான் சேர்ந்த ஜெபங்களிலேயே எல்லோரும் உண்மையாக ஜெபித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கிரேஸ் அக்கா மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் எதையும் ருசி பாக்காம யாருக்கும் குடுத்ததில்ல எஸ்தர். ஜலதோஷத்துல ருசி தெரியாதுன்னு இன்னிக்குத்தான் விட்டேன்."

வாசனை தெரியாமல் செய்த அதே ஜலதோஷம் அவர் வாயைக் காப்பாற்றியிருக்கிறது!

எல்லோரும் போன பிறகு நான் சண்டைக்குத் தயாரானேன். மூன்று வாரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் நுனிநாக்கில் நின்றது. அவர் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் வைத்துவிட்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனேன்.

"எத்தன பேரு இருந்தாங்க எஸ்தர்?"

"பதினேழு. நம்மளையும் சேத்தா பத்தொம்போது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முப்பது வருஷம்... ஒருத்தனுக்கு ஒரு விரல் போனதில்ல" என்றார். நானும் தயாராக வைத்திருந்ததை விழுங்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு ஃபோனை எடுத்து அவரே செல்வியைக் கூப்பிட்டார். "அன்னிக்கு உங்கிட்ட பொய் சொல்லிட்டேம்மா. நாளைக்கு வந்து பாக்க முடியுமா?"

மறுநாள் சாயங்காலம் வந்தாள். டீகூடக் குடிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். அந்த நடையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். கம்பெனி ஆண்டு விழாவுக்குப் போனால் இவரும் தன் செக்ஷனை இப்படித்தான் சுற்றி வருவார்! இவர் அவள் பின்னாலேயே நோட்டும் பேனாவுமாகப் போனார்.

மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். சிலிண்டரைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள்.

"சார்..."

"எழுதிக்கிறேம்மா."

பின்பக்கம் பழைய மோட்டார் ரூம் ஒன்று சும்மா கிடந்தது. மேலே காற்றுப் போக ஜன்னல், ஈரமில்லாத சுவர், பூட்டுப் போடக் கதவு. "இவ்ளோ நல்ல எடத்த வெச்சினு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பழைய மரியாதை.

சுவரில் இரண்டு கொக்கி அடிக்கச் சொன்னாள். வேலை முடிந்து சூடு ஆறிய பிறகுதான் மிஷினை உள்ளே கொண்டுவர வேண்டும். ரொம்ப நாள் எடுக்க மாட்டோமென்றால் டேங்கை வெளியே வைத்தே காலி செய்து, இன்ஜினை ஓடவிட்டுத் தானாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிடும். "அப்புறம் நீங்க கயிற இழுத்துனே இருக்க வேண்டியதுதான், அது தூங்கினே இருக்கும்." பிளக் கேப்பைக் கழற்றி வைத்தால் யார் கை பட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. பிளேடைக் கழற்றி, துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, தனி ஆணியில் மாட்ட வேண்டும். தொலைந்த உறைக்குப் பதில் பழைய டியூபைக் கீறி, மூன்று பல்லுக்கும் அவளே உறை செய்து கொடுத்தாள். தையல் செக்ஷன் கை. அளவு கச்சிதம்.

பெட்ரோலுக்கு மூடி இறுகுகிற கேன். வேண்டிய அளவு மட்டும் கலப்பது. மீந்தால் மாசக்கணக்கில் வைப்பதில்லை. அந்த நன்னாரி பாட்டிலை மட்டும் அவள் தானே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "இது இந்த வூட்லயே இருக்கக் கூடாது மேடம்."

அவள் போன பிறகு இவர் கேன் மேல் சிவப்புப் பெயின்ட்டில் எழுதினார்: 'பெட்ரோல். குடிக்கக் கூடாது.'

"பெட்ரோல்னு எழுதினா போதாதாங்க? யாரு குடிக்கப் போறாங்க?"

"உங்க கிரேஸ் அக்காவுக்காக எழுதினேன்."

சிரித்துவிட்டேன். அவரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார்.

ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். அவரை மட்டும் சொல்வானேன்? வருஷாவருஷம் எட்டாம் வகுப்புக்கு வீட்டுப் பாதுகாப்பு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லித் திருத்துகிறவள் நான். 'எரிபொருளைச் சமையலறை அருகே வைக்கக் கூடாது' என்று எழுதாத பிள்ளைக்கு ஒரு மார்க் குறைப்பேன். அதே நான் மூன்று வாரம் அந்த மிஷினைத் தாண்டித் தாண்டித்தான் டீ போட்டேன். வேலை செய்யும் இடத்தில் நமக்கு இருக்கிற புத்தியை, வீட்டுக்கு வரும்போது செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடுகிறோமோ? சொந்த வீடு நம்மை ஒன்றும் செய்யாது என்று யார் சொன்னது?

போன சனிக்கிழமை மறுபடி நிலத்துக்குப் போனோம். கார் ரோட்டிலேயே நின்றது. இவர் சேஃப்டி ஷூ, பேன்ட், ஷீல்டு சகிதமாக, கார்டு மாட்டிய மிஷினில் நைலான் போட்டு ஒரு மணி நேரம் வெட்டினார். இருபதில் பதினெட்டு மாங்கன்று உயிரோடு கிடைத்தன. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மிச்சம் ஒரு மூலை இருந்தது.

"நான் ஓட்டட்டா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பெல்ட்டை என் உயரத்துக்குச் சரிசெய்தார். ஷீல்டை இறக்கிவிட்டார். காதில் அந்த மூடியை மாட்டினார். பிறகு எண்ணி இருபது தப்படி பின்னால் போய் நின்றுகொண்டார்.

வெட்டினேன். பார்த்தீனியம் சரசரவென்று சாய்ந்தது. கை அதிர்ந்தது. ரொம்ப நன்றாக இருந்தது! திரும்பிப் பார்த்தபோது அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் அசைந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

எந்த பிளேடு நல்லது என்று கேட்டால் செல்வியிடம் கேளுங்கள். இருக்கிற அக்சஸரியிலேயே எது நல்லது என்று கேட்டால் — அந்தக் காது மூடிதான். வீட்டுக்கும் ஒன்று தனியாக வாங்கலாமென்று இருக்கிறேன்!